இணையத்தில் விற்பனைப் பதிவு போட்டுப் பழைய காரை விற்கிறீர்களா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அண்ணா, பதிவு போட்டுப் பத்து நாளாகிறது. ‘கடைசி விலை என்ன’ என்று மட்டும்தான் கேட்கிறார்கள், நேரில் யாரும் வரவில்லை.

உங்கள் பதிவில் ‘நல்ல கண்டிஷன், ஒரே ஓனர், அவசர விற்பனை’ என்பதற்கு மேல் எதுவும் இல்லையே தம்பி. எந்த வருட மாடல், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கடைசி சர்வீஸ் எப்போது, இதெல்லாம் தெரியாதவர் விலையைத் தவிர வேறு எதைக் கேட்பார்? முதலில் ‘அவசர’ என்பதை எடுத்துவிடுங்கள், விலையை அடிக்க அந்த ஒரு சொல் போதும்.

அப்புறம் படம். கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில் எடுங்கள். ஈரமான வண்டியில் கீறல் தெரியாது, அது வாங்குபவருக்கும் தெரியும். இன்ஜின் ஓடும்போது டேஷ்போர்டை ஒரு படம் எடுத்தால் கிலோமீட்டரும் தெரியும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதும் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்வதை ஒரு நிமிடம் வெட்டாமல் வீடியோ எடுத்துப் போடுங்கள், பத்துப் படத்தை விட அது அதிகம் பேசும்.

பின் கதவில் அடிபட்டு பெயின்ட் அடித்திருக்கிறோம். சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள், படத்தோடு. என் முந்தைய வண்டியில் இதை எழுதாமல் விட்டேன். பார்க்க வந்தவர் கதவைத் திறந்து ரப்பர் பீடிங் ஓரமாக விரலை ஓட்டினார், அதில் பெயின்ட் தெறித்துப் பொரிப்பொரியாகக் காய்ந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, கிளம்பிவிட்டார். கதவை மறைத்தவன் இன்ஜினில் எதை மறைத்தானோ என்றுதானே நினைத்திருப்பார்? அடுத்த பதிவில் அதையே முதல் வரியாக எழுதி, பில்லையும் காட்டினேன். வந்தவர் கதவைப் பற்றிப் பேசவே இல்லை.

டயர் புதுசு என்று போடலாமா?

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அதையே படமெடுத்துப் போடுங்கள்.

‘நீங்கள் நிஜமான ஆளா என்று பார்க்க உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி எண் வரும், அதைச் சொல்லுங்கள்’ என்கிறார் ஒருவர்.

சொல்லவே சொல்லாதீர்கள். அது உங்கள் நம்பரில் வேறு கணக்கு தொடங்கவோ, உங்கள் கணக்கைப் பிடுங்கவோதான். கேட்டதை விட அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவரும் அதே ரகம். பணம் போட்டதாக ஸ்க்ரீன்ஷாட் வந்தால் அது பணமில்லை, உங்கள் வங்கிக் கணக்கில் நீங்களே பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் தனியாக அனுப்பலாமா சார்?

வேண்டாம். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், லைசென்ஸைப் பார்த்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இடம் மாறி உட்கார இறங்கும்போது இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடவிட்டு இறங்காதீர்கள்.

விற்றாச்சு. இனி என்ன?

பெயர் மாற்றம் முடிந்ததா என்று நீங்களே உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் அவர் வாங்கும் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். வண்டியின் திரையில் உங்கள் போனில் உள்ள நம்பர்களும் வீட்டு முகவரியும் பதிவாகியிருக்கலாம், சாவியைக் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பதிவிலும் ‘விற்றுவிட்டது’ என்று போடுங்கள், பாவம், இன்னும் நாலு பேர் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.