மேகத்துக்குள் பறக்கும்போது எந்தக் கருவி முக்கியம்?

விமானி முன் இருக்கும் ஆறு கருவிகளில் எதை அதிகம் நம்பிப் பறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) பயிற்சியை இப்போதுதான் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஏர்லைன் கேப்டன் இல்லை, செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ரேட்டிங் வாங்கியவன். அந்த அளவில் சொல்கிறேன்.

நடுவில் இருக்கும் ஆட்டிடியூட் இண்டிகேட்டர்தான் என்பார்கள். தப்பில்லை. மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் இறக்கையின் சாய்வையும் நேரடியாகக் காட்டுவது அது ஒன்றுதான். நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பயிற்சியில், வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் மாட்டிக்கொண்டு 3,000 அடியில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். விமானம் லேசாக வலது பக்கம் சாய்வதாக அது காட்டியது. இடது பக்கம் திருத்தினேன். மறுபடியும் காட்டியது, மறுபடியும் திருத்தினேன். காற்றின் இரைச்சல் கூடியது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்தால் 400 அடி இறங்கியிருந்தோம். திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரில் குட்டி விமானம் இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து கிடந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசாமல் சக்‌ஷன் கேஜைத் தொட்டுக் காட்டினார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

கருவிகளுக்காகக் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் போய்விட்டது; அந்த உறிஞ்சலைக் காட்டுவதுதான் அந்தக் கேஜ். ஆட்டிடியூட், திசை காட்டும் ஹெடிங் இண்டிகேட்டர் இரண்டுக்குள்ளும் சுழலும் கைரோ சக்கரம் அந்தப் பம்பில் ஓடுவது. டர்ன் கோஆர்டினேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. கைரோ பட்டென்று நின்றுவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அது சுழற்சி குறையக் குறைய மெல்லத்தான் தப்புக் காட்டும்.

1978 ஜனவரி 1 இரவு பம்பாய்க் கடலில் விழுந்த ஏர் இந்தியா 747-ஐப் படித்துப் பாருங்கள். கேப்டன் பக்கத்துச் சாய்வுக் கருவி பழுதாகி, அதை நம்பி அவர் இடது பக்கம் திருப்பினார் என்றது இந்திய விசாரணை. 213 பேர் இறந்தார்கள். நான் செய்ததும் அதேதான். எனக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார், பகல் வெளிச்சம் இருந்தது.

ஆக, எது முக்கியம் என்பது அந்த நேரத்து வேலையைப் பொறுத்தது. நேராகப் பறக்கும்போது உயரத்துக்கு ஆல்டிமீட்டர், திசைக்கு ஹெடிங் இண்டிகேட்டர், பவருக்கு வேகமானி. திரும்பத் தொடங்கும்போது ஆட்டிடியூட், திருப்பம் நிலைத்த பிறகு டர்ன் கோஆர்டினேட்டர். ஒன்று சொல்வதை வேறு இரண்டு மறுத்தால் அந்த ஒன்றைச் சந்தேகப்படுங்கள்.

கிளாஸ் காக்பிட் (கருவிகளுக்குப் பதில் கணினித் திரை) வந்துவிட்டதே என்று கமென்டில் எழுத வருபவர்களுக்கு: திரையும் அணையும், அதனால்தான் ஸ்டாண்ட்பை என்று மாற்றுக் கருவிகள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த இடத்தில் ரன்வே ஓரம் வரிசையில் காத்திருந்த நேரத்துக்கும் பில் போட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. ஆனால் சில கருவிகள் இல்லாமல் பறக்கும் பார்ஷியல் பேனல் பயிற்சி மொத்தமே இரண்டு முறைதான். உங்கள் இடத்தில் எத்தனை முறை என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.