பயப்பட வேண்டியது பொலிஸ் மறித்ததற்கு அல்ல

போன வாரம் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா, படிப்பு, வேலை பற்றி யோசனை கேட்டு மகனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பதினொரு நாளுக்கு முன்பு, இரவு அனுராதபுரச் சந்திப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தவனைப் பொலிஸ் மறித்திருக்கிறது. பின்னால் இருந்த கூட்டாளிக்கு ஹெல்மெட் இல்லை. பையைச் சோதித்து, ஸ்டேசனுக்குக் கூட்டிப் போய், பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள்.

"பொலிஸ் ரிப்போர்ட்டில் பெயர் விழுந்துவிட்டது, இனி அங்கே ஒருத்தனும் வேலை தரமாட்டான்" என்று கனடா ஸ்காபரோவில் இருக்கிற மாமா போனில் சொல்லியிருக்கிறார். நிலாவெளிக் காணியை ஈடு வைத்து, கனடாவில் ஏதோ ஒரு கல்லூரியில் பிசினஸ் டிப்ளோமாவுக்கு உடனே காசு கட்டச் சொல்கிறாராம்.

பயப்படாதீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். கொஞ்சம் பேசியதும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அன்றிரவு கொடுத்த தண்டச் சீட்டு எங்கே என்று கேட்டபோது, அது சாமிப் படத்துக்குப் பின்னால் இருப்பதாக அம்மா சொன்னார். இன்னும் கட்டவில்லை. லைசன்சும் பொலிசிடமே இருக்கிறது.

அம்மா, மறித்ததும் விசாரித்ததும் குற்றத் தீர்ப்பு ஆகாது. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லும்வரை ஒருவர் நிரபராதி என்று நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அந்தச் சீட்டைப் பதினான்கு நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும். தவறினால் இருபத்தெட்டாம் நாள் வரை இரட்டிப்பு. அதுவும் தாண்டினால் நீதிமன்றம். அழைப்பாணைக்கும் போகாமல் விட்டால் பிடியாணை. ஒன்றுமில்லாத விஷயம் இப்படித்தான் வழக்கு இலக்கத்தோடு ஒரு பதிவாக மாறுகிறது. உங்களிடம் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மாமாவோடு பேசுவது பிறகு, முதலில் தபாற்கந்தோர்.

அப்புறம் ஸ்டேசனுக்குப் போய், பொறுப்பதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தம்பியின் பெயரில் வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா, விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கை போயிருக்கிறதா? இல்லை என்றால் விஷயம் முடிந்தது. ஆம் என்றால், நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போங்கள். வழக்கு முடிந்தபின் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு வேலைக்கு எடுப்பவர் விசாரித்தால், வாய்ச்சொல்லைவிட அந்தத் தாள் பேசும். அன்றிரவு யாராவது கை வைத்திருந்தால் அது வேறு விஷயம். அதற்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால் வேலை போகும் என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள்.

வேலைப் படிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீரா" என்பது ஒரு கேள்வி, "கைது செய்யப்பட்டீரா" என்பது இன்னொன்று, "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்பது மூன்றாவது. பதற்றத்தில் மூன்றுக்கும் ஒரே பதிலைப் போடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் மாமாவின் யோசனை தலைகீழாகிறது. பொலிஸ் பதிவுக்குப் பயந்து ஓடச் சொல்லும் இடம் எது? கனடாவின் மாணவர் அனுமதி விண்ணப்பம் தண்டனை பெற்றீரா என்பதோடு நிற்பதில்லை. எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டிருக்கிறீரா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீரா என்றும் கேட்கிறது. பொய் எழுதிப் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. உள்ளூர்க் கடைக்காரர் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்கிறார்கள். சரி, விசா கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 2024 ஜனவரியில் 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 டொலராக ஏறியது, அதன் பின்னும் கூடியிருக்கிறது. கல்லூரிக் கட்டணமும் டிக்கெட்டும் அதில் அடங்காது. காணியை ஈடு வைக்க வேண்டாம். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

தம்பியிடம் தனியாகப் பேசினேன். பிசினஸ் என்றதும் தரையைப் பார்த்தவன், பழைய ஏசியைப் பற்றிக் கேட்டதும் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. இரண்டு வருடமாக ஒரு பிரிட்ஜ் திருத்தும் கடையில் கை உதவி செய்கிறானாம். கடற்கரை ஹோட்டல்களில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் சுருளை எப்படி அரித்துத் தின்கிறது, அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு இது ஒன்றுமே தெரியாது.

இந்தத் தொழிலை நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. நிலாவெளி ஹோட்டல்கள், மீனுக்கு ஐஸ் போடும் இடங்கள், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிகள், வங்கிகள் என்று இந்த வேலை இல்லாத தெரு கிடையாது. குளிரூட்டும் வாயுக்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கைவிடப்படுகிறது. புதிய பிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது. பழைய பழக்கத்தில் அதன் குழாயில் நெருப்பு வைத்து ஒட்டினால் ஆபத்து, அதனால் முறையாகப் பயின்ற கைக்கு மதிப்பு கூடுகிறது.

வழி இதுதான். நைட்டா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில், குளிரூட்டல் மற்றும் வளிச்சீராக்கல் துறையில் பயிலுநராகப் பதிவது. உண்மையான வேலைத்தலத்திலேயே பயிற்சி. முடிவில் தேசிய தொழில் தகைமை, நாம் என்.வி.க்யூ என்று சொல்வது. இரண்டு வருடம் ஏற்கெனவே வேலை பழகியிருப்பதால், முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் இவனுக்குப் பொருந்தலாம். நான்காம் மட்டம் எடுத்த பிறகு ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்குப் போகலாம். ரத்மலானையில் உள்ள யுனிவோடெக் என்கிற வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் ஏழாம் மட்டம் என்றால் பட்டம். பட்டம் இல்லாவிட்டால் கல்யாணச் சந்தையில் என்ன சொல்வது என்று கேட்கும் சித்திக்கு இது போதும்.

வெளிநாடு பிறகு வரட்டும். கைத்தொழிலும் சுத்தமான பொலிஸ் நற்சான்றும் உள்ளவன் வளைகுடாவுக்குப் போவது, காணியை அடகு வைத்துப் போவது போல இருக்காது.

அடுத்த செவ்வாய் வாருங்கள். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு, கடை முதலாளியின் கடிதம், தம்பி திருத்திய இயந்திரங்களின் படங்கள் போனில் இருந்தால் அவையும் வேண்டும். மாமா அன்றைக்கு வீடியோ கோலில் வருவதானால் வரட்டும், கனடாப் படிவத்தை அவருக்கே வாசித்துக் காட்டுகிறேன்.