மேலாளர் படிநிலையில் வெற்று வரிகள்

வணக்கம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ரிப்போர்ட்டில், பவர் பிஐ (தரவு அறிக்கை மென்பொருள்) மேட்ரிக்ஸை, அதாவது படிப்படியாக விரியும் அட்டவணையை, விரித்தால் சூப்பர்வைசருக்குக் கீழே பெயரில்லாத வரி வருகிறது என்றீர்கள். மேலிருந்து ஒருவர் வரையுள்ள எண்களை வரிசையாகத் தரும் பாத் (PATH) ஃபங்ஷனில் தப்பில்லை. கட்டிங் சூப்பர்வைசருக்கு அது "1|14|52" என்று மூன்று படிதான் தரும். அதிலிருந்து ஒவ்வொரு படியையும் தனியாக எடுக்கும் பாத்ஐட்டம் (PATHITEM) வைத்து நீங்கள் நான்கு நெடுவரிசை போட்டிருப்பதால் நான்காவது காலி. அதில் அவர் பெயரையே நிரப்பாதீர்கள், ஒரே ஆள் தனக்குக் கீழே தானே வந்து நிற்பார்!

எத்தனை படி என்று சொல்லும் பாத்லெங்த்தைத் (PATHLENGTH) தனி நெடுவரிசையாக வையுங்கள். அப்புறம் மெஷரில் (மேட்ரிக்ஸில் காட்டும் மதிப்பைக் கணக்கிடும் சூத்திரம்), இஸ்இன்ஸ்கோப் (ISINSCOPE) ஃபங்ஷன் கொண்டு இப்போது எத்தனையாவது படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அது பாத்லெங்த்தின் மேக்ஸை (உச்ச மதிப்பை) தாண்டினால் பிளாங்க் (வெற்று மதிப்பு) கொடுங்கள். வரி தானாக மறையும்.

இன்னொன்று: வேலையை விட்டுப்போன மேலாளரின் வரியை நீக்காதீர்கள். யாருக்காவது அவர் எண் மேலாளராக இருந்தால் பாத் பிழை காட்டும்.