முடிவு தெரியாத நாட்களில் எப்படி இருப்பது?

கேள்வி: என் வயது 38. எங்கள் அலுவலகத்தில் நான்கு மாதமாக ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவில் விழிப்பு வந்தால் போனை எடுத்து விடியும்வரை செய்தி பார்க்கிறேன். கணவரிடம் சொல்லவில்லை, அவர் தூக்கமும் எதற்குக் கெட வேண்டும்? ‘வேலை போய்விட்டது’ என்று சொல்லிவிட்டால்கூட நிம்மதி என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் மிகவும் உண்மையான வரி அதுதான்.

2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால், கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது மனம் ஓரளவு அடங்கியே இருந்தது. வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்று ஆனபோதுதான் படபடப்பு உச்சிக்குப் போனது. வியர்வையும் கண்பாவையின் விரிவும்கூட அதையே காட்டின. நீங்கள் நான்கு மாதமாக அந்தப் பாதிக்குப் பாதியில் நிற்கிறீர்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்?

போனில் நீங்கள் தேடுவதும் ஒரு நிச்சயத்தைத்தான். உங்கள் மேலாளருக்கே தெரியாததை எந்தச் செய்தித்தளம் சொல்லப்போகிறது? 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்களின் மன அழுத்தம், சம்பவத்தை நேரில் எதிர்கொண்டவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. ஆகவே போன் இன்றிரவு முதல் வேறு அறையில் தூங்கட்டும். விழிப்பு வந்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாகச் செய்யுங்கள். நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் தணியும்.

அப்புறம், பகலில் ஓர் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘சாயங்காலம் வா’ என்று தள்ளிப்போடுங்கள். 1980-களிலிருந்தே உளவியலாளர்கள் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இது. அந்த அரை மணியில் வெறுமனே யோசிக்காதீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் ‘வேலை இருந்தால்’. இரண்டாம் பக்கத்தில் ‘வேலை போனால்’. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், எந்தச் செலவை முதலில் நிறுத்துவது, யார் யாரிடம் வேலை கேட்பது, முதல் வாரம் ஒவ்வொரு நாளும் என்ன செய்வது என்று விவரமாக எழுதுங்கள். எது நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லைதான். ஆனால் எது நடந்தாலும் மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம். நான் பார்த்தவரை, மனம் அந்த அளவு நிச்சயத்துக்கே ஓரளவு அடங்கிவிடுகிறது.

என் அம்மாவின் திசுப் பரிசோதனை முடிவுக்காக ஒன்பது நாள் காத்திருந்தோம். நான் அந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அம்மாவோ ஓரம் பிரிந்த பழைய போர்வை ஒன்றை எடுத்து, தினமும் ஒரு சாண் தைத்தார். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவார். நூல் முனையை நாக்கில் நனைத்து, முறுக்கி, கோத்துக் கொடுப்பேன். அந்த அரை நிமிடம்தான் நாள் முழுவதிலும் நான் முழு மூச்சு விட்ட நேரம். முடிவு வந்த அன்று தையல் பாதியில் இருந்தது. மறுநாளும் அம்மா ஒரு சாண் தைத்தார். உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். கையால் செய்வதாக, அலுவலகத்தில் என்ன முடிவானாலும் நிற்காததாக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில வாரங்கள் தூக்கமோ பசியோ சரியாகவில்லை என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, உங்கள் கணவர். இதில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் நள்ளிரவில் போன் வெளிச்சம் எரிவது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? காரணம் தெரியாததால், ‘என்னவாக இருக்கும்’ என்று அவரும் ஒரு பாதிக்குப் பாதியில்தான் படுத்திருப்பார். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஒரு விடுமுறைப் பகலில், நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், அவர் எழுதுவதற்கு.