கைதிகளுக்குத் தொலைபேசி கொடுத்தால் சிறை எதற்கு?

"குற்றம் செய்து உள்ளே இருப்பவர்களுக்குத் தொலைபேசியும் காணொளி அழைப்பும் கொடுத்தால் அது தண்டனையாக இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சிறைக்குப் போனதில்லை என்று எண்ணுகிறேன்; போகவும் வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து என் தம்பி போனான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கையின் கிழக்கே உள்ள களுவாஞ்சிகுடி. தம்பி கொழும்பில் வேலை செய்த இடத்தில் எழுந்த பணப் பிரச்சினை ஒன்றில் அவனுடைய பெயரும் சேர்க்கப்பட்டு, பிணை கிடைக்காமல் பதினொரு மாதங்கள் தென்பகுதிச் சிறைச்சாலை ஒன்றில், தீர்ப்பு வருமுன்னே அடைத்து வைக்கும் விளக்கமறியலில் இருந்தான். பின்னர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. விடுவிக்கப்படாமல் தண்டிக்கப்பட்டிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். அவனைப் பார்க்க 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போகவேண்டும். அம்மா நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து, சோற்றோடு கட்டிக்கொண்டு வருவார். விடியப் போய் வரிசையில் நின்றால், கம்பி வலைக்கு அப்பால் நிற்பவனோடு சில நிமிடங்கள், பக்கத்தில் நிற்கும் எல்லோருடைய சத்தத்துக்கும் மேலாகக் கத்திப் பேசலாம். இரண்டாவது முறை போய் வந்தபின் அம்மாவின் முழங்கால் இடம்கொடுக்கவில்லை. கடிதம் எழுதினோம். தமிழில் எழுதிய கடிதத்தை வாசித்துப் பார்த்து அனுமதிக்க ஆள் இல்லை என்று மூன்று வாரம் கிடந்தது.

அப்போதுதான் ஓர் இரவு, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, நான்தான். அம்மாட சத்தத்த ஒருக்காக் கேக்கணும்" என்றான். உள்ளே யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசி அது. ஒவ்வோர் அழைப்புக்கும் அவர்கள் சொன்ன இலக்கத்துக்கு 500 ரூபாய் ரீலோட் அனுப்பினேன். அது குற்றம் என்பது எனக்குத் தெரியும். அதற்காக என்னைக் கண்டிக்க வருபவர்களோடு வாதாட மாட்டேன். ஆனால் "மனே, சாப்பிட்டயா?" என்று ஒரு தாய் கேட்பதற்காகக் கையில் கிடந்த காப்பை அடைவு வைத்தார் என்பதையும் அவர்கள் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

அப்பா இறந்தபோது முதலில் நேரான வழியில்தான் போனேன். சிறைச்சாலையின் பொது இலக்கத்துக்கு ஐந்து முறை எடுத்தேன். எனக்குச் சிங்களம் போதாது. மறுமுனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. நாளைக்கு எடுக்கச் சொல்கிறார் என்பது மட்டும் விளங்கியது. கடைசியில் அந்தக் கள்ளத் தொலைபேசி மூலமாகவே ஒரே மகனுக்குத் தகப்பன் இறந்த செய்தி போனது. மறுநாள் பின்னேரம் அடக்கம் செய்தோம். அவன் செய்யவேண்டிய கடமையைச் சித்தப்பாவின் மகன் செய்தான்.

2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தவேண்டிய முறை பற்றிய நெல்சன் மண்டேலா விதிகளின் 70 ஆவது விதி, நெருங்கிய உறவினரின் கடும் நோயையோ மரணத்தையோ கைதிக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்கிறது. 58 ஆவது விதி, தேவையான மேற்பார்வையோடு கடிதம், தொலைத்தொடர்பு, இலத்திரனியல் வழிகள் மூலம் குடும்பத்தோடு தொடர்புகொள்ள இடமளிக்கவேண்டும் என்கிறது. நம்முடைய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1877 இல், தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைத்து ஒரு வருடமே ஆகியிருந்த காலத்தில் எழுதப்பட்டு, திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது.

உள்ளே இருந்தபடி தொலைபேசியில் போதைப்பொருள் வியாபாரம் நடத்துகிறார்களே என்று கேட்பீர்கள். நடத்துகிறார்கள், ஒருவரும் கேட்காத, பதிவாகாத கள்ளத் தொலைபேசிகளில் நடத்துகிறார்கள். இங்கிலாந்துச் சிறைகளில் கைதிக்கு ஒரு குறியீட்டு இலக்கம் உண்டு, முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட இலக்கங்களுக்கு மட்டுமே பேசலாம், அழைப்புகள் பதிவாகும். அப்படி ஒரு வசதி எங்களுக்கு இருந்திருந்தால் அந்த 500 ரூபாய்களை நான் அனுப்பியிருக்கத் தேவையில்லை. கள்ளத் தொலைபேசிக்காரனுக்கு எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் வருமானம்.

ஆனால் வசதியைக் கொடுத்துவிட்டு அதில் காசு பறிக்கவும் கூடாது. அமெரிக்காவில் வொஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் என்ற கண்பார்வையற்ற மூதாட்டி, சிறையில் இருந்த பேரனோடு பேசுவதற்கான கட்டணத்தைத் தாங்கமுடியாமல் 2000 ஆம் ஆண்டளவில் வழக்குத் தொடுத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில்தான் கையெழுத்தானது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். கனெக்டிகட் மாநிலம் 2021 இல் சிறை அழைப்புகளை இலவசமாக்கச் சட்டம் இயற்றியது.

பாதிக்கப்பட்டவர்களின் வேதனையை மறந்து பேசுகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். மறக்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு அழைப்பு எடுக்க முடியாதபடி இலக்கங்களைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். நீதிமன்றம் ஒருவனின் நடமாட்டத்தைப் பறிக்கிறது. தாயின் சத்தத்தையும் சேர்த்துப் பறிக்கும்படி எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை. என் தம்பிக்கோ அப்போது தீர்ப்பே வந்திருக்கவில்லை.

விடுதலையாகி வந்த அன்று அவன் முதலில் கேட்டது, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பதைத்தான். அப்பா இறந்த செய்தியைச் சொன்ன அழைப்பில் அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. தனக்குப் பின்னால் இன்னொருவர் தன் வீட்டுக்கு எடுக்கக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டான்.