எல்லாவற்றையும் விடுவது என்றால் என்ன?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் அரசுப் பணியில் இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர்க் கன்வென்ஷன் என்னும் சபைக் கூட்டத்தில் லூக்கா 14:33-ஐ விளக்கிய ஊழியர், வேலையையும் நிலபுலனையும் விட்டு வராதவன் இயேசுவுக்குச் சீஷனே அல்ல என்றார். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை. வயதான தாயும் படிக்கிற மகளும் என்னை நம்பி இருக்கிறார்கள். இருக்கிற ஒரே நிலத்தின் பேரிலும் தம்பிக்கும் எனக்கும் ஆறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. நான் ராஜினாமா செய்ய வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சகோதரரே, உங்கள் உறக்கத்தைக் கெடுத்த வசனத்தின் கூர்மையை மழுக்கித் தர எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அதைச் சரியாக வாசிக்க வேண்டும். “தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால்” என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் விடைபெறுதலைக் குறிப்பது; பவுல் கொரிந்துவிலிருந்த சகோதரரிடம் விடைபெற்றுக் கப்பலேறியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 18:18-இலும் அதே சொல்தான் வருகிறது. உடைமைக்கு விடை கொடுத்தவனின் கையில் அது இன்னும் இருக்கக்கூடும், ஆனால் அதைக் குறித்து முடிவெடுக்கும் உரிமை இனி அவனுடையதல்ல. வரி வசூலிப்பவனான லேவி எல்லாவற்றையும் விட்டுப் பின்சென்றான் என்று லூக்கா 5:28 கூறுகிறது. அடுத்த வசனத்திலேயே அவன் தன் வீட்டில் இயேசுவுக்குப் பெரிய விருந்து வைக்கிறான்.

இதைச் சாக்காக எடுத்துக்கொண்டு, “மனதளவில் விட்டுவிட்டேன்” என்று ஆறுதல் தேடிவிடாதீர்கள். ஐசுவரியமுள்ள தலைவனிடம் உண்டான எல்லாவற்றையும் விற்கும்படி இயேசு வெளிப்படையாகவே கேட்டார். உங்களிடமும் அப்படிக் கேட்கலாம்.

ஆனால் ஒரு கூட்டத்தின் இரவில் எழும்பிய நெகிழ்ச்சியை வைத்து ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். நீங்கள் கேட்ட லூக்கா 14-ஆம் அதிகாரத்திலேயே, கோபுரம் கட்டுகிறவனும், 20,000 பேரோடு வருகிறவனை 10,000 பேரோடு எதிர்க்கப் போகிற ராஜாவும் முதலில் “உட்கார்ந்து” யோசிக்கிறார்கள் என்று இயேசு இருமுறை சொல்லியிருக்கிறார். உங்கள் தாயைக் காப்பாற்றும் கடமையோ உங்கள் உடைமை அல்ல, விட்டுவிடுவதற்கு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கி, அவர்களைக் கைவிட்டவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை உங்கள் மனைவியோடு சேர்ந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது வேலையைப் பற்றிய வரி அல்ல, நிலத்தைப் பற்றிய வரி. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னான். முழுவதையும் அவன் கொடுக்கவில்லை, ஆனாலும் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. அந்த நிலத்தில் தம்பிக்கு உரிய பங்கு இருக்குமானால், அதை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பது அவனுடைய பொருளைக் காணிக்கையாக்குவதாகும். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5:24 சொல்கிறது. ஆகவே ராஜினாமாவைப் பற்றிப் பிறகு உங்கள் ஆயரிடம் பேசலாம். இந்த வாரம், வக்கீல் யாரும் உடன் இல்லாமல், தம்பியின் வீட்டுக்குப் போய் வாருங்கள்.