எக்ஸ்ரே நார்மல், ஊதிப் பார்த்தால் அடைப்பு: எதை நம்புவது?

கேள்வி: என் தந்தைக்கு வயது 56. நூற்பாலையின் ப்ளோரூமிலும் (பஞ்சுப் பொதி உடைக்கும் பிரிவு) கார்டிங்கிலும் (பஞ்சைச் சீவும் பிரிவு) இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்க்கிறார். பீடி, சிகரெட் பழக்கமில்லை. மூச்சு வாங்குவதால் பரிசோதித்ததில் மார்பு எக்ஸ்ரே நார்மல் என்றும், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் 'அடைப்பு' என்றும் வந்துள்ளது. விகிதம் மருந்துக்கு முன் 61, பின் 63 சதவீதம். எதை நம்புவது? சி.டி. ஸ்கேன் தேவையா?
- வாசகர், பல்லடம்

பதில்: இரண்டையும் நம்பலாம். காசநோய், நிமோனியா, கட்டி, நீர் கோத்தல் ஆகியவற்றைத் தேடுவதற்கே எக்ஸ்ரே பெரிதும் உதவும். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருப்பது தொடக்கத்தில் அதில் தெரியாது.

மூச்சை முழுதாக இழுத்து வேகமாக வெளிவிடும் மொத்தக் காற்றின் அளவு எஃப்.வி.சி.; அதில் முதல் விநாடியில் வெளியேறுவது எஃப்.ஈ.வி.1. மொத்தத்தில் இது எத்தனை சதவீதம் என்பதே உங்கள் விகிதம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து 15 நிமிடங்கள் கழித்து ஊதியும் அது 70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நீடிக்கிறது என்று பொருள். ஆஸ்துமாவில் மருந்துக்குப் பின் எஃப்.ஈ.வி.1 பெரும்பாலும் நன்றாக உயரும். உங்கள் தந்தைக்கு விகிதம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், எஃப்.ஈ.வி.1 எவ்வளவு உயர்ந்தது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊதும் முறை சரியில்லையென்றால் முடிவும் பிழையாகும். மூக்கில் கிளிப் மாட்டி, உதடுகளைக் குழாயில் இறுகப் பொருத்தி, தயங்காமல் முழு வேகத்தில் ஊதத் தொடங்கி, காற்று முழுதும் தீரும்வரை, பொதுவாக ஆறு விநாடிகளாவது, தொடர வேண்டும். குறைந்தது மூன்று நல்ல முயற்சிகள் வேண்டும். முதல் விநாடியில் இருமினால் அந்த முயற்சி கணக்கில் சேராது.

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. வார விடுமுறை முடிந்து ஆலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் மிகுந்து, அடுத்தடுத்த நாட்களில் தணிகிறதா என்று தந்தையிடம் கேளுங்கள். அது பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயின் தொடக்க அடையாளம்; நாட்பட்டால் எல்லா நாளும் இறுக்கம் இருக்கும். முதல் நாள் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து ஒப்பிட்டால், தூசியால் ஏற்படும் சரிவு தெரியவரும். பஞ்சுப் பொதியை உடைக்கும் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி மிக அதிகம் என்பதால், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஐயமில்லாதபோது சி.டி. உடனே தேவைப்படாது; ஆனால் சளியில் ரத்தம், எடைக் குறைவு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து எடுத்துக்கொண்டே அதே தூசியில் நிற்பது பயன் தராது; தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்க வேண்டும். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குரிய சட்டப் பட்டியலில் பிஸினோசிஸ் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருப்பதால், அவருடைய பணி விவரத்தை மருத்துவப் பதிவேட்டில் இப்போதே எழுதவைத்துவிடுங்கள்.